தீப்பெட்டிக்குள் ரோட் ரோலர்

போக்குவரத்து வரலாற்றுச் சேகரிப்பில் இரண்டு வகைப் பொருட்கள் சேர்கின்றன. விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கார், பஸ், லொறி, ரயில் பொம்மைகள் ஒரு வகை. ஒரு காலத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பொருட்கள் இன்னொரு வகை: ரயில் டிக்கெட், பந்தய நிகழ்ச்சிநிரல், காரின் முகப்பில் பூட்டிய கழகச் சின்னம், வாகன இலக்கத் தகடு, எஞ்சினின் பெயர்ப்பலகை. இவற்றில் பெரும்பாலானவை மலிவாகவும் ஏராளமாகவும் செய்யப்பட்டவை. பிள்ளைகள் பொம்மையை உடைத்தார்கள். பயணிகள் டிக்கெட்டை வாசலில் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். பழைய இரும்பு வியாபாரி தகட்டை நிறுத்து வாங்கிப் போனார். இப்படி அழிந்தது போக எஞ்சியதற்குத்தான் இன்று விலை.

இலங்கையில் சப்ரகமுவையின் மலைப்பகுதி இந்த வரலாற்றுக்கு வெகு அருகில் இருக்கிறது. அரநாயக்கவிலிருந்து மாவனெல்லைக்கு இறங்கினால் கொழும்பு–கண்டி வீதி வந்துவிடும். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது இந்த வீதியில்தான். மாவனெல்லையில் மகா ஓயாவின் குறுக்கே 1833இல் கட்டிய செங்கல் வளைவுப் பாலம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து ஏறினால் கடுகண்ணாவை. கணவாய் வீதியை அமைத்து 1829இல் இறந்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரமும், பழைய ரோட் ரோலர்கள் நிற்கும் நெடுஞ்சாலை அருங்காட்சியகமும், இலங்கை ரயில்வேயின் 150ஆம் ஆண்டு நிறைவில் 2014 டிசம்பரில் திறந்த தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் அந்த ஒரே ஏற்றத்தில் இருக்கின்றன. பொம்மைகளின் கதை தொலைவில் தொடங்கினாலும் அதன் இழைகள் பல இந்த ஏற்றத்தில் வந்து முடிகின்றன.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஃபிராங்க் ஹோர்ன்பி என்பவர் துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டி விளையாடும் பொம்மைக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று உலகெங்கும் பேர் பெற்றது அதுதான். 1920இல் அவருடைய நிறுவனம் சாவி கொடுத்து ஓடவிடும் ரயிலை விற்றது. ரயில் இருந்தால் ஸ்டேஷன் வேண்டும், ஸ்டேஷன் இருந்தால் வாசலில் கார் நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்ததால் 1933இன் கடைசியில் ஆறு சின்ன வாகனங்கள் வெளிவந்தன. ரயிலுக்குத் துணைப்பொருளாக வந்த அந்த ஆறும் நன்றாக விற்றன. மறு வருடம் அவற்றுக்கு டிங்கி என்று பெயரிட்டார்கள். 1979இல் லிவர்பூல் தொழிற்சாலை மூடப்படும் வரை டிங்கி கார்கள் வந்துகொண்டிருந்தன. பந்தயக் கார்களும் அந்த வரிசையில் இருந்தன. ஃபெராரி, மசராட்டி, அல்ஃபா ரோமியோ, டால்போ-லாகோ என்று அன்று ஐரோப்பியத் தடங்களில் ஓடியவற்றை, ஓட்டுநரின் சின்னத் தலையோடு சேர்த்து வார்த்துத் தந்தார்கள்.

இந்தப் பொம்மைகளின் செய்முறையை அறிந்தால்தான் அவற்றின் பலமும் நோயும் புரியும். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த உலோகத்தை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். உலோகம் இறுகியதும் அச்சைத் திறந்தால் கதவின் கோடு, கைப்பிடி, முகப்புக் கம்பி எல்லாம் ஒரே வார்ப்பில் வந்திருக்கும். ஓர் அச்சிலிருந்து இலட்சக்கணக்கில் எடுக்கலாம். ஆனால் கலவை சுத்தமாக இருக்க வேண்டும். கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டாலும் சில ஆண்டுகளில் உலோகத்துக்குள் வெடிப்பு ஓடும். உடல் உப்பும், வளையும், கடைசியில் தொட்டால் உதிரும். உலகப் போருக்கு முந்திய டிங்கிகள் பல இப்படித்தான் போயின. இதற்கு மருந்து கிடையாது. சூடும் ஈரமும் அந்த அழிவை விரைவுபடுத்துகின்றன. வருடத்தில் பல மாதம் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையூரில் போருக்கு முந்திய ஒரு டிங்கியை வைத்திருப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

டிங்கிக்குப் போட்டியாக வந்து அதை முந்திய பெயர் மேட்ச்பாக்ஸ். லெஸ்லி ஸ்மித், ரொட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் 1947இல் லண்டனில் லெஸ்னி என்ற வார்ப்புத் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு ஜாக் ஓடெல் என்ற வார்ப்பு வல்லுநர் சேர்ந்தார். 1948இல் அவர்கள் செய்த முதல் பொம்மை ஒரு ரோட் ரோலர். ஓடெலின் மகள் படித்த பள்ளியில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவர விட்டார்களாம். ஓடெல் அதே ரோட் ரோலரைப் பித்தளையில் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாகச் செய்து கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் கேட்டார்கள். 1953இல் தீப்பெட்டி போன்ற அட்டைப்பெட்டியில் வந்த மேட்ச்பாக்ஸ் வரிசையின் முதலாம் எண் அந்த ரோட் ரோலருக்கே கிடைத்தது.

அந்த முதற்பொம்மையைப் புரிந்துகொள்ளக் கடுகண்ணாவைக்குப் போகலாம். பொம்மையில் பார்க்கும் முன் உருளையும் பின் சக்கரங்களும் அங்கே நிஜ அளவில் நிற்கின்றன. இந்த நாட்டு வீதிகளில் கல் உடைத்துப் பரப்பியவர்கள் மனிதர்கள். அதை அழுத்திச் சமப்படுத்தியது இந்த இயந்திரம். கூடையில் கல் சுமந்த தொழிலாளரின் பெயர் எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லை. இயந்திரத்தில் அதைச் செய்த கம்பனியின் பெயர் வார்த்திருக்கும். நினைவுப் பொருள் சேகரிப்பின் பெரிய குறை இது. இரும்பும் பித்தளையும் பேசும், கை பேசாது. இந்தப் பக்கத்து ரயில் பாதைக்கும் வீதிக்கும் உழைத்தவர்களில் பெரும் தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் என்பதை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கும்போது பார்ப்பவரே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மேட்ச்பாக்ஸ் வரிசையின் ஐந்தாம் எண் லண்டனின் சிவப்பு இரட்டைத்தட்டு பஸ். அந்த பஸ்ஸின் நிஜ உருவமும் இலங்கைக்கு வந்தது. 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசு கையேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. அதன்பின் லண்டனில் ஓடி முடிந்த இரட்டைத்தட்டு பஸ்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி இங்கே வந்தன. லண்டன் பிள்ளை தரையில் உருட்டிய அதே பஸ்ஸில் கொழும்பு மனிதர் வேலைக்குப் போனார். ஆகவே அந்தச் சின்ன பஸ் இலங்கைச் சேகரிப்பாளருக்கு அந்நியப் பொருள் ஆகாது, இந்த நாட்டு வீதியிலும் ஓடிய வண்டியின் உருவம் அது.

இன்னும் நெருங்கிய உதாரணம் மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் 16 இலட்சத்துக்கு மேல் செய்த கார் அது. இலங்கையில் டாக்டர், ஆசிரியர், தோட்டத்துப் பெரிய கிளாக்கர், வாடகைக் கார் சாரதி எல்லோரும் ஓட்டிய கார். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் ஒரு மைனரைத் திரும்பத் திரும்பத் தட்டி நிமிர்த்தி ஓடவைப்பது இங்கே ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தது. பிற்காலத்தில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்து, கார் பிறந்த இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்கு அந்தத் திறமை முதிர்ந்தது. மேட்ச்பாக்ஸ் 1958இல் 46ஆம் எண்ணாக மொரிஸ் மைனரை வெளியிட்டது. உள்ளங்கையில் ஒளிந்துகொள்ளும் அளவு. பெரும்பாலும் கரும்பச்சை, சில நீலம். வெளிர்பழுப்பு நிறத்தில் மிகச் சிலவே வந்தன என்பதால் அந்த நிறத்தைத் தேடுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். அதே கார், அதே அச்சு. நிறம் மாறினால் விலை பல மடங்கு மாறுகிறது. சக்கரமும் அப்படித்தான். முதலில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிறப் பிளாஸ்டிக், பிறகு கறுப்பு. எந்தச் சக்கரம் எந்த நிறத்தோடு சேர்ந்து வந்தது என்று அட்டவணை போட்டே பழகியவர்கள் சேகரிப்பாளர்கள்.

அமெரிக்காவில் 1968இல் ஹொட் வீல்ஸ் வந்தபோது இந்தத் தொழிலின் போக்கு திரும்பியது. மெல்லிய அச்சுக்கம்பியில் ஓடும் அதன் சக்கரம் வழுக்கிப் பறந்தது. உருட்டி விளையாடிய பிள்ளைகள் பிளாஸ்டிக் தடத்தில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். மேட்ச்பாக்ஸ் அடுத்த வருடமே தன் சக்கரங்களை மாற்றிக்கொண்டது, ஆனாலும் லெஸ்னி 1982இல் கடனில் மூழ்கியது. கைமாறிக் கைமாறி 1997இல் அந்தப் பெயரும் ஹொட் வீல்ஸின் உரிமையாளரான மட்டெல் நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது. ஜப்பானில் டோமி நிறுவனம் 1970இல் டோமிகா வரிசையைத் தொடங்கியது. முதல் ஆறும் ஜப்பானியக் கார்கள். இன்று இலங்கை வீதியை நிரப்பியிருப்பவை ஜப்பானிய வாகனங்கள் என்பதால் இங்குள்ள இளம் சேகரிப்பாளருக்கு டிங்கியைவிட டோமிகாவே நெருக்கமான பொம்மையாகத் தோன்றும்.

இந்தியாவிலும் ஒரு கிளைக்கதை உண்டு. டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. அங்கே அவற்றிலிருந்து வார்த்த கார்கள் நிக்கி என்ற பெயரில் கடைக்கு வந்தன. தேய்ந்த அச்சு, தடித்த பூச்சு, கொஞ்சம் கரடுமுரடான விளிம்பு. நேர்த்தியில் டிங்கிக்கு இணையில்லை. ஆனால் இறக்குமதிப் பொம்மை எட்டாத வீடுகளுக்கு அது எட்டியது. அந்தக் காரணத்தாலேயே அடிபட்டு அழிந்து, இன்று நல்ல நிலையில் கிடைப்பது அரிதாகிவிட்டது.

தேயிலைத் தோட்டத்துக்கும் வாகனச் சேகரிப்புக்கும் உள்ள ஒரு தொடர்பைப் பலர் அறிவதில்லை. புரூக் பாண்ட் நிறுவனம் 1954 முதல் பிரிட்டனில் தன் தேயிலைப் பெட்டிக்குள் படச்சீட்டு ஒன்றைப் போட்டு விற்றது. பறவை, பூ, வனவிலங்கு என்று போன அந்த வரிசையில் 1966இல் போக்குவரத்தின் வரலாறும் 1968இல் மோட்டார் காரின் வரலாறும் வந்தன. ஒரு தொகுதிக்கு 50 சீட்டு. ஒட்டிவைக்கத் தனியே அல்பம் விற்றார்கள். மிச்சமிருக்கும் ஒரே சீட்டுக்காகத் தாய்மாரைத் தேயிலை வாங்கவைத்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். இலங்கைத் தேயிலையும் விற்பனையான சந்தை அது. கொழுந்து பறித்த குடும்பத்தின் பிள்ளை அந்தச் சீட்டைக் கண்டதில்லை, தேநீர் குடித்த குடும்பத்தின் பிள்ளை தேயிலை வந்த மலையைக் கண்டதில்லை. இலட்சக்கணக்கில் அச்சானதால் இந்தச் சீட்டுகள் இன்றும் மலிவு. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான வாயில் இல்லை.

மோட்டார் பந்தயத்தின் நினைவுப் பொருட்கள் வேறொரு விதமானவை. இலங்கையில் பந்தயம் தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்காக மலைவீதியில் பிறந்தது. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் 1934இல் மலையேற்றப் பந்தயம் தொடங்கியது. ஆசியாவிலேயே பழைய பந்தயங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. ஏப்ரல் சீசனில், மலர்க் கண்காட்சிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் கூட்டம் சேரும் நாட்களில் நடக்கும். மலையேற்றத்தில் கார்கள் அருகருகே ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகக் கிளம்பி, கடிகாரத்தோடு போட்டியிட்டு உச்சிக்கு ஏறும். விநாடியின் சிறு பின்னத்தில் வெற்றி தீர்மானமாகும். தாழ்நாட்டில் களுத்துறைக்குப் பக்கத்துக் கட்டுக்குருந்தையில், உலகப் போர்க்கால விமான ஓடுபாதையிலும் பின்னர் பந்தயங்கள் நடந்தன.

இந்தப் பந்தயங்களில் மிஞ்சுபவை அச்சடித்த நிகழ்ச்சிநிரல், காரின் கதவில் ஒட்டிய எண், வெள்ளிக் கிண்ணம், கழகச் சின்னம், புகைப்படம் ஆகியவைதான். பார்வையாளர் பென்சிலால் நேரங்களைக் குறித்துவைத்த நிகழ்ச்சிநிரலுக்கு ஆய்வாளர் பார்வையில் சுத்தமான பிரதியைவிட மதிப்பு அதிகம். எந்தக் கார் எந்த நேரத்தில் ஏறியது, எது பாதியில் நின்றது என்பதற்கு அந்தப் பென்சில் குறிப்பே சில வேளைகளில் சாட்சி. மோட்டார் சங்கங்களின் எனாமல் பூசிய முகப்புச் சின்னங்களும் அப்படியே. 1904இல் உருவான இலங்கை மோட்டார் சங்கத்தின் சின்னத்தைப் பழைய கார்களின் முன்கம்பியில் காணலாம். கார் பழைய இரும்புக்குப் போகும்போது சின்னத்தை மட்டும் கழற்றி அலுமாரியில் போட்டவர்களால்தான் அவற்றில் பல இன்று இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே பழைய விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஜனம் போனது. 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய நிரந்தரத் தடத்துக்கு மாறியது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபோர்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் ஓட்டிய மஞ்சள் காரை ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் நிறுவனம் 43இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டது. ஒரு தமிழ்ப் பெயரைப் பக்கவாட்டில் தாங்கிய பந்தயக் கார் பொம்மை உலகக் கடைகளின் கண்ணாடியில் நின்றது, தமிழ்ச் சேகரிப்பாளருக்குப் பெருமைக்குரிய ஒரு பொருள். அதே கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தினரின் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. பொம்மையில் பார்த்த பழைய கார்களை நிஜத்தில் பார்க்க விரும்பும் தமிழ் வாசகருக்கு அது நல்ல இடம்.

ரயில்வேப் பொருட்களுக்கு வந்தால் கேகாலை மாவட்டத்தவருக்கு விஷயம் வீட்டு வாசலுக்கே வருகிறது. கொழும்பிலிருந்து வந்த பாதை முதலில் அம்பேபுஸ்ஸையில் நின்றது. 1867இல் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து கண்டியை அடைந்தது. மாவட்டத்தின் மறுபக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதை எட்டியாந்தோட்டை வரை வந்து தேயிலையையும் றப்பரையும் ஏற்றிச் சென்றது. அந்த எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிடுங்கப்பட்டது. இரத்தினபுரி வழியாக ஓபநாயக்க வரை போன பாதையும் 1970களில் மூடப்பட்டது. மூடிய பாதையின் தண்டவாளம் கூரைக்கு உத்தரமாகவும் படலைக்குத் தூணாகவும் மாறும். பாடசாலையில் தொங்கும் தண்டவாளத் துண்டு மணியாக ஒலிக்கும். அதன் பக்கத்தில் வார்த்திருக்கும் கம்பனியின் பெயரையும் ஆண்டையும் வாசிக்கத் தெரிந்தால் அந்த மணியும் ஓர் ஆவணமே.

ரயில் சேகரிப்பில் மிகச் சிறிய பொருள் அட்டை டிக்கெட். இங்கிலாந்தின் தோமஸ் எட்மன்சன் மரவேலை தெரிந்த ஸ்டேஷன் மாஸ்டர். ஒவ்வொரு பயணிக்கும் கையால் டிக்கெட் எழுதும் அலுப்பைப் போக்க, 1830களின் பிற்பகுதியில் வரிசை எண் அச்சிட்ட தடித்த அட்டை டிக்கெட்டை உண்டாக்கினார். நீளம் 57 மில்லிமீற்றர், அகலம் 30 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. அந்த அளவு உலகமெங்கும் பரவி, இலங்கை ஸ்டேஷன்களில் இந்த நூற்றாண்டிலும் புழங்கியது. ஒரு டிக்கெட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் திகதி அழுந்திய தழும்பு ஓரத்தில் தெரியும். டிக்கெட் பரிசோதகரின் இடுக்கி கடித்த துளை இன்னொரு பக்கம். நடுவே புறப்படும் ஊர், போகும் ஊர், வகுப்பு, கட்டணம். இன்று ரயில் நிற்காத ஒரு ஸ்டேஷனின் பெயர் அதில் இருந்தால், அந்த ஊருக்கு ரயில் ஓடியதற்குக் கையில் பிடிக்கக்கூடிய அத்தாட்சி அது.

அடுத்தது டெப்லட். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்து மோதாமலிருக்க, இரு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு உலோக வில்லைகள் உண்டு. இரு முனையிலும் உள்ள பெட்டிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால் அது திரும்பிப் போகும்வரை இன்னொன்று வெளியே வராது. வில்லை கையில் இல்லாத சாரதி ரயிலை எடுக்கக்கூடாது. அதைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் கோத்து, ஓடும் எஞ்சினில் நிற்பவர் கையால் கொளுவி எடுக்கும் வகையில் ஸ்டேஷன் ஊழியர் நீட்டிப் பிடிப்பார். மலைநாட்டுப் பாதையில் பயணம் செய்த பலர் அந்த ஒரு கணத்தைப் பார்த்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்த பொருள் என்பதால் சேகரிப்பாளர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் இதன் முறையான இடம் அருங்காட்சியகமே. கடுகண்ணாவையில் பழைய சமிக்ஞைக் கருவிகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது செய்த வேலை விளங்கும்.

எஞ்சின்களின் பெயர்ப்பலகைக்கு உலகெங்கும் மோகம் உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்களுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, கியூபெக் என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயரைச் சூட்டினார்கள். அவற்றுள் 591ஆம் எண் மனிடோபா. 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் ஆழிப்பேரலை அடித்துச் சாய்த்த ரயிலை இழுத்தது அந்த எஞ்சின்தான். ஆயிரத்துக்கும் மிக அதிகமானோர் அந்த ரயிலோடு மாண்டார்கள். எஞ்சினைத் திருத்தி, நினைவாக அலை வடிவம் தீட்டி மறுபடி ஓடவிட்டார்கள். எந்த அலுமாரியிலும் பூட்டிவைக்க முடியாத நினைவுப் பொருள் அது.

வாகன இலக்கத் தகட்டை வெறும் உலோகமாகப் பார்க்க இலங்கைத் தமிழரால் முடியாது. பழைய தகடுகளில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தன. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டது. அதற்கு எதிராக வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த போராட்டம் மலையகத்திலும் பரவியது. வாகனத்தின் எழுத்தில் தொடங்கிய கொந்தளிப்பு தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்கு முன்னோடியான நிகழ்வுகளில் ஒன்று. 2000இல் ஆங்கில எழுத்து முறை திரும்பியபோது மாகாணக் குறியும் சேர்ந்தது. சப்ரகமுவையின் குறி எஸ்.ஜி. என்றிருந்தது. ஆகவே மூன்று காலத்துத் தகடுகளை வரிசையாக வைத்தால் ஓர் அரசியல் வரலாறு சுவரில் தொங்கும். இதைச் சேகரிப்பவர் அந்த வரலாற்றைப் பக்கத்தில் எழுதி வைப்பது கடமை.

யாரும் சேகரிக்காத ஒரு வகையும் உண்டு. லயத்துப் பிள்ளைகள் கையால் செய்த வாகனங்கள். செமன் டின்னைத் தட்டி உடல், தேய்ந்த றப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம், ஈர்க்கு அல்லது கம்பி அச்சாணி, இழுக்க ஒரு நூல். சோடா மூடிகள் விளக்காகும். இன்னும் கொஞ்சம் வளர்ந்தவர்கள் பலகைக்கு அடியில் பழைய பெயாரிங் பூட்டி, தோட்டத்து ரோட்டின் இறக்கத்தில் பறந்தார்கள். மலாவியில் பிள்ளைகள் கம்பியால் வளைத்துச் செய்யும் கலிமோட்டோ கார்கள் இன்று பயணிகளுக்கு விற்கப்படுகின்றன, அருங்காட்சியகத்திலும் இடம்பிடித்துவிட்டன. மலையகத்தின் செமன் டின் லொறிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. தொழிற்சாலைப் பொம்மையில் அதைச் செய்த நிறுவனத்தின் திறமை தெரிகிறது, இதில் ஒரு பிள்ளையின் கண்ணும் கையும் தெரிகின்றன. தோட்டத்துக்கு வந்த லொறியின் முகப்பு எப்படி இருந்தது, பின்பலகை எப்படித் திறந்தது என்பதை உற்றுப் பார்த்துச் செய்தவை அவை. இப்போதும் செய்யத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே சிலவற்றைச் செய்வித்து, படம் பிடித்து, செய்தவரின் பெயரோடு பாடசாலைகளிலாவது வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான்.

விலை எப்படி அமைகிறது என்பதற்கு வருவோம். நிலை, அசல்தன்மை, பெட்டி, அரிது, வரலாறு ஆகிய ஐந்தும் சேர்ந்து விலையைத் தீர்மானிக்கின்றன. பூச்சு உதிராத பொம்மைக்கும் கீறல் விழுந்த பொம்மைக்கும் பெரிய இடைவெளி. அசல் அட்டைப்பெட்டி இருந்தால் சில வேளை பெட்டியே பொம்மைக்குச் சமமான பெறுமதி. 2008இல் போருக்கு முந்திய டிங்கி விநியோக வேன் ஒன்று பிரிட்டிஷ் ஏலத்தில் 19,975 பவுணுக்குப் போனது. 1969இல் ஹொட் வீல்ஸ் செய்துபார்த்த இளஞ்சிவப்பு வொக்ஸ்வாகன் வேன் தடத்தில் சரியாக ஓடாமல் கைவிடப்பட்ட மாதிரி. தோற்றுப்போனதாலேயே அது உலகின் மிக விலை உயர்ந்த ஹொட் வீல்ஸ் ஆயிற்று. நிஜக் கார்களின் உலகில் 1955ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். ஒன்று 2022இல் 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு விற்றது. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு வீட்டுப் பொம்மைக்கும் அப்படி விலை வரும் என்று எண்ணுவது வீண். பெரும்பாலான பழைய பொம்மைகளின் விலை சாதாரணமே.

போலியைக் கண்டுபிடிக்க முதலில் பொம்மையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அடித்தட்டை உடலோடு பிணைக்கும் தறையாணிகள் தொழிற்சாலையில் அடித்தபடியே வழுவழுப்பாக இருந்தால் நல்லது. துளையிட்ட அடையாளமோ பசையோ திருகாணியோ இருந்தால் யாரோ திறந்து மறுபூச்சுப் பூசியிருக்கலாம். சக்கரக் குழிக்குள்ளும் ஜன்னல் விளிம்பிலும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். மறு அச்சுப் பெட்டிகளும் ஏராளமாக உலவுகின்றன. அவற்றின் அட்டை மிக வெண்மையாகவும் மடிப்பு மிகக் கூர்மையாகவும் இருக்கும்.

மலையூரில் இவற்றைப் பாதுகாப்பது தனிக் கவனம் கேட்கும் வேலை. வெயில் நேரே படாத, சுவரோடு ஒட்டாத அலுமாரி வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதாமாதம் மாற்ற வேண்டும். மிருதுவான பிளாஸ்டிக் டயர்கள் நாளடைவில் கசிந்து அருகிலுள்ள பூச்சை உருக்கும் என்பதால் பொம்மைகளை ஒன்றோடொன்று உரசி அடுக்கக்கூடாது. டிக்கெட், படச்சீட்டு, நிகழ்ச்சிநிரல் போன்ற காகிதங்களுக்குப் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் கறையானும் எதிரிகள். பசை தடவி அல்பத்தில் ஒட்டாமல், மூலைகளைச் செருகும் விதத்தில் வைப்பது நல்லது. பித்தளைச் சின்னத்தைப் பளபளவென்று தேய்த்தால் எழுத்தின் கூர்மை போய்விடும். தூசி தட்டினாலே போதும். ஒவ்வொரு பொருளுக்கும் எங்கே, யாரிடமிருந்து, எப்போது வந்தது என்ற குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பின் பிரதியையும் படங்களையும் வேறோர் ஊரில் ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். 2016 மே 17இல் சாமசர மலை சரிந்தபோது அரநாயக்கவில் உயிர்களோடு வீடுகளும் அவற்றுள் இருந்த புகைப்படங்களும் கடிதங்களும் மண்ணுக்குள் போயின. மலைச்சரிவில் வாழ்பவர்களுக்கு இந்த முன்னேற்பாடு ஆடம்பரமாகாது.

சட்டத்தின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போன நாள் அது. தபால் வண்டியும் ரயிலும் மோட்டாரும் அதற்குப் பிறகு வந்தவை என்பதால் இந்தக் கட்டுரையில் சொன்ன சேகரிப்புப் பொருட்கள் எதற்கும் அந்தச் சட்டத்தின் நேரடிக் காவல் இல்லை. ரயில்வேப் பொருளென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கை அரசாங்க ரயில்வேயின் முத்திரை பொறித்த விளக்கு, மணி, டெப்லட், பெயர்ப்பலகை ஆகியவை அரச சொத்து. திணைக்களம் ஏலத்தில் விற்றதற்கான ரசீது இருந்தால் மட்டுமே அவற்றைத் தனியார் முறையாக வைத்திருக்கலாம். வாங்குபவர் விலையைப் பேசுமுன் அந்த ரசீதைக் கேட்க வேண்டும். விற்பவர் காட்ட மறுத்தால் பொருள் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.